வெற்றிடத்தில் மிச்சமிருந்த நீர்

திங்கட்கிழமை, காலை 10.06.

மூடி திறந்தது. கல் இல்லை.

எஃகுச் சேம்பருக்குள் கல்லைப் பதிக்கும் பிடிப்பான் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் நடுவில் மெழுகு போன்ற மிருதுவான உலோகம். அதில் கடுகில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஒரு குழி. குழி மட்டும்தான்.

மூடியை மேஜைமேல் வைத்தவர் கணக்கு சார். வயது அறுபத்துநாலு, வருகிற வெள்ளிக்கிழமையோடு ஓய்வு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, மறுபடி குனிந்து பார்த்தார். பக்கத்தில் நின்றவர் ஆய்வகத்தின் டெக்னீஷியன். இருபத்தாறு வருடமாக எல்லோருக்கும் அக்கா.

"நான் வச்சேன் சார்" என்றார் அக்கா. அதுவரை யாரும் அவரை எதுவும் கேட்டிருக்கவில்லை.

வெளியே தாழ்வாரத்தில், கருவிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சர்வீஸ் இன்ஜினியர் உட்கார்ந்திருந்தாள். வருடத்துக்கு ஒரு முறை, அணுக்களின் எடையை அளக்கும் அந்த மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரைப் பார்த்துவிட்டுப் போவது அவள் வேலை. அளவீடு முடிந்ததும் கூப்பிடுகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். மாதத்தில் இருபது நாள் அவளுக்கு இப்படித்தான்: ரயில், லாட்ஜ் அறை, யாரோ ஒருவரின் ஆய்வகம், மறுபடி ரயில். போகிற இடத்தில் மனிதர்களின் முகம் மறந்துவிடும். எந்தக் கருவியில் எந்த போல்ட் மக்கர் செய்யும் என்பது மறக்காது. அவளோடு யாரும் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசுவதில்லை. அவளும் இரண்டு வாக்கியத்துக்கு மேல் தயார் செய்துகொண்டு வருவதில்லை.

10.40. நிறுவனத்தின் இயக்குநர் இறங்கி வந்தார். தொலைந்தது சாதாரணக் கல் இல்லை. விண்கல் ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த துகள்; சூரியனை விட வயதானது. வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்று கடனாகக் கொடுத்திருந்தது. இதை வாங்க கணக்கு சார் ஒன்பது வருடம் கடிதம் எழுதியிருந்தார்.

இயக்குநர் அவளிடம் கேட்டது ஒரே கேள்வி. சேம்பரிலிருந்து காற்றை வெளியேற்றும் பம்பு கல்லை உறிஞ்சியிருக்குமா?

அவள் பம்பைக் கழற்றினாள். அதன் வாயில் கம்பிவலை இருந்தது. வலையை லென்ஸ் வைத்துப் பார்த்தாள். சுத்தம்.

"இல்ல சார்" என்றாள். சொன்ன பிறகுதான், அக்காவுக்கு இருந்த ஒரே வாசலைத் தான் சாத்திவிட்டது அவளுக்கு உறைத்தது.

11.50. இயக்குநர் தன் அறையில் ஒரு தாளை நீட்டினார். சனிக்கிழமை முதல் மணிக்கொரு முறை சேம்பருக்குள் எவ்வளவு நீராவி மிச்சமிருக்கிறது என்று கணினி குறித்து வைத்த பட்டியல் அது. அவர் கணக்கு நேரானது. சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு அக்கா கல்லைப் பதித்து, மூடியை மூடி, பம்பைப் போட்டார். அப்போது கணக்கு சார் அங்கே இல்லை. மகளிடமிருந்து வந்த போனை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போயிருந்தார். அதன் பிறகு நாற்பது மணி நேரம் பம்பு ஓடியது. இன்று காலை எட்டு மணிக்கு சார் அளவீட்டைத் தொடங்கினார். கருவி கல்லைக் காணவே இல்லை. வெறும் உலோகத்தைத்தான் காட்டியது. பத்து மணி வரை போராடிவிட்டு மூடியைத் திறந்தார்.

"நடுவுல யாராவது திறந்திருந்தா காத்து உள்ள பாயும். நம்பர் எகிறும். எகிறலையே. பூட்டின ரூம்மா இது. பூட்டின ரூம்ல கல் இல்லைன்னா, பூட்டும்போதே கல் இல்லைன்னு அர்த்தம்."

நாலு மணிக்கு அருங்காட்சியகத்துக்குக் கடிதம் போக வேண்டும். பொறுப்பாளி என்று ஒரு பெயர் அதில் இருக்க வேண்டும். பெயர் ஏற்கெனவே தட்டச்சு ஆகிவிட்டது. கடிதத்தோடு, "பதிவு சரியானது, சேம்பர் சனிக்கிழமை முதல் திறக்கப்படவில்லை" என்று சர்வீஸ் இன்ஜினியர் கையெழுத்திட்ட சான்று ஒன்றும் போகும். அந்தக் கடிதம் போய்விட்டால் அக்காவை எந்த ஆய்வகமும் வாசல்படி ஏற விடாது.

பிடிப்பானின் உலோகத்தில் குழி இருக்கிறதே என்றாள் அவள். ஊசியால் குத்தினாலும் குழி விழும் என்றார் இயக்குநர்.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, லேப் சாவி வச்சிருக்கிற மூணு பேர்கிட்டயும் பேசணும் சார்."

அன்றைக்கு அதுவரை அவள் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

12.15. முதலில் அக்கா. கருவி அறையில், பம்புக்குப் பக்கத்தில், முக்காலியில் உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை ஐந்தரைக்கு வீட்டுக்குப் போனதாகவும், ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் துணி துவைத்துத் தூங்கியதாகவும் சொன்னார். கல்லைப் பதித்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டாராம். மூச்சு பட்டாலே பறந்துவிடுமாம். இந்தக் கைக்கு இதுவரை எதுவும் நழுவியதில்லை என்று சொல்லி, கையை விரித்து அவரே பார்த்துக்கொண்டார்.

மூன்றாவது சாவி யாரிடம் என்று அவள் கேட்டாள்.

"மாப்பிள்ளைகிட்ட. சாரோட மருமகன். மேல மாடியில கணக்குப் போடறவரு. வர்ற வாரத்துலேர்ந்து இந்த லேபுக்கு அவருதான் தலைவர். இங்க வந்தா வாசல்லயே நின்னு பேசிட்டுப் போயிடுவாரு. சட்டையில எண்ணெய் பட்டுடும் பாருங்க. அவரு இந்த இன்ஸ்டிடியூட்டுக்கு வந்தது சாரோட பொண்ணுக்காக, மெஷினுக்காக இல்ல."

சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். சிரித்தது நினைவுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

கிளம்பும்போது அவள் ஒரு கேள்வி கேட்டாள். மூடியை மூடி ஒரு மணி நேரத்தில் நீராவி மீட்டர் 1100 காட்டுகிறது. இரண்டாவது மணியில் 550. நாலாவது மணியில் எவ்வளவு காட்டும்?

"இருநூத்தி எழுபத்தஞ்சு பக்கம் இருக்கும். ஏம்மா, உனக்குத் தெரியாதா?"

12.50. கணக்கு சார் தன் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை எங்கே இருந்தீர்கள் என்றாள். வீட்டில். கூட யார்? யாரும் இல்லை. மனைவி போய் ஏழு வருடம். யாராவது வந்தார்களா?

"பேப்பர் வந்தது" என்றார் சார்.

அவராகவே பேசத் தொடங்கினார். யாரும் கேட்டு வெகுநாள் ஆனவரின் பேச்சு அது. நடுவில் எங்கே மூச்சு விடுவது என்று தெரியவில்லை. முப்பத்துமூன்று வயது வரை அவர் தொட்டது காகிதமும் பேனாவும்தான். கணித இயற்பியல். நட்சத்திரங்களுக்குள் அணுக்கள் எப்படிச் சமைகின்றன என்பதற்கு ஒரு சமன்பாடு எழுதினார். அது சரியென்றால், சூரியனுக்கு முந்தைய துகள் ஒன்றில், ஒரே தனிமத்தின் எடை குறைந்த அணுவும் எடை கூடிய அணுவும் இன்ன விகிதத்தில் இருக்க வேண்டும். அச்சேறியது. யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அளந்து பார்க்க ஆளில்லாததால் அவரே மாடியிலிருந்து கீழே இறங்கினார். அணுக்களுக்கு மின்னூட்டம் ஏற்றி, காந்தத்தால் வளைத்து, எடைவாரியாகப் பிரிக்கிற கருவியைக் கட்டக் கற்றுக்கொண்டார். வேண்டிய துல்லியம் அதற்கு வர இருபத்தாறு வருடம் ஆயிற்று.

"உங்க கணக்கு சரியா வரும்னு நினைச்சீங்களா சார்?"

"தெரியாதும்மா. தெரிஞ்சா எதுக்குக் கல்லு?"

அக்காவைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றாள். சார் டப்பாவை மூடினார். கல்லை வைத்ததைத் தான் பார்க்கவில்லை, பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது என்றார். மீட்டர் கேள்விக்கு யோசிக்கவே இல்லை. இருநூற்று எழுபத்தைந்து.

1.30. மாப்பிள்ளை மேல் மாடியில் இருந்தார். வயது நாற்பதுக்குள். இஸ்திரி கலையாத சட்டை. சுவர் முழுக்க வெள்ளைப் பலகை. பலகை முழுக்கச் சமன்பாடுகள். அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். காலையிலிருந்து அவளை உட்காரச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் இருந்தாராம். மத்தியானம் கடைவீதி. கல் எங்கே போயிருக்கும் என்று நினைக்கிறார்? பம்புதான் உறிஞ்சியிருக்கும் என்றார். வலை சுத்தமாக இருந்தது என்று அவள் சொன்னதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அக்கா பாவம். நல்ல மனுஷி. வயசாகுது, கை நடுங்கியிருக்கும். அதுக்காக லெட்டர்ல பேரெல்லாம் போடணுமா? டைரக்டர்கிட்ட சொல்லிப் பாருங்களேன்."

அவள் மீட்டர் கேள்வியைக் கேட்டாள். மாப்பிள்ளை பேனாவை எடுத்தார். பிறகு வேண்டாமென்று வைத்துவிட்டார்.

"ஒரு மணி நேரத்துல பாதியாகுதுன்னா, அதே வீதம்தானே தொடரும். மூணாவது மணியில 275. நாலாவதுல 137 சொச்சம். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான் சார். சர்வீஸ் ரிப்போர்ட்டுக்கு" என்றாள் அவள்.

2.10. தாழ்வாரத்து நாற்காலிக்குத் திரும்பினாள். எதிரே கருவி அறை வாசல். உள்ளே அக்கா ஒவ்வொரு ஸ்பேனராகத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அந்த வாசலைத் தாண்டிப் போன யாரும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. முந்தின வாரம் வரை அக்காவிடம் டீ கேட்டவர்கள், இன்றைக்கு வேகமாக நடந்தார்கள். தனக்கு இது பழகிய விஷயம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அக்காவுக்கு இது புதுசு.

தாளை மடியில் விரித்தாள்.

சனி மாலை 5 மணி, 1100. ஆறு மணி, 550. எட்டு மணி, 275. விடியற்காலை 2 மணி, 110. ஞாயிறு நண்பகல் 12 மணி, 55. அடுத்த மணியில் 52.3. பிறகு 49.6. பிறகு 47.2. பிறகு 44.8. இப்படியே இறங்கி, திங்கள் காலை 7 மணிக்கு 20.8. எட்டு மணிக்கு, சார் அளவீட்டைத் தொடங்கியதும், 55. பத்து மணிக்கு 50.

எட்டு மணிக்கு எண் ஏறியதற்கு எல்லோரிடமும் ஒரே பதில் இருந்தது. கருவிக்குள் இருக்கும் உலோக இழையைச் சூடேற்றினால் கொஞ்சம் நீராவி கிளம்பும், எப்போதும் நடப்பதுதான். அதனால் அந்த 55-ஐ யாரும் இரண்டாம் முறை பார்க்கவில்லை.

அவள் பார்த்தாள். பென்சிலால் இரண்டு வகுத்தல் போட்டாள். அழித்துவிட்டு மறுபடி போட்டாள். எழுந்தபோது மணி 3.10.

3.20. இயக்குநர் அறை. மேஜைமேல் கடிதம், பக்கத்தில் மூடி கழற்றிய பேனா. கணக்கு சார், மாப்பிள்ளை, அக்கா. அக்கா மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

அவளுக்கு நாலு பேர் முன்னால் பேசி வழக்கமில்லை. அதனால் தாளைப் பார்த்துப் பேசினாள்.

"நான் கையெழுத்துப் போட முடியாது சார். இந்தப் பட்டியல்ல பாதி, மெஷின் எழுதினது இல்ல."

இயக்குநர் நிமிர்ந்தார்.

சேம்பருக்குள் இருக்கும் காற்று சில நிமிடத்தில் போய்விடும் என்றாள் அவள். எஃகுச் சுவரில் ஒட்டிக்கொண்ட நீர் அப்படிப் போகாது. மனசில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். அதற்கென்று ஒரு கணக்கு உண்டு: நேரம் இரண்டு மடங்கானால் நீர் பாதியாகும். முதல் மணியில் 1100 என்றால் இரண்டாவதில் 550, நாலாவதில் 275, பத்தாவதில் 110, இருபதாவதில் 55. சனிக்கிழமை மூடியதிலிருந்து ஞாயிறு நண்பகல் வரை பட்டியல் இம்மி பிசகாமல் அப்படித்தான் வருகிறது.

"பன்னெண்டு மணிக்கு அப்புறம் பாருங்க. ஒவ்வொரு மணி நேரமும் சரியா நூத்துக்கு அஞ்சு குறையுது. ராத்திரி பூரா, கடைசி வரைக்கும் அதே அஞ்சு. பன்னெண்டுக்கு முந்தின ஒரு மணியில குறைஞ்ச வீதம் அது. எந்த இரும்பும் இப்படித் தண்ணி விடாது சார். ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணிக்கு யாரோ பதிவை நிறுத்திட்டு, திங்கக்கிழமை காலை ஏழு மணி வரைக்குமான நம்பரை முன்கூட்டியே கணக்குப் போட்டு டைப் பண்ணியிருக்காங்க. எட்டு மணிக்கு சார் அளவீட்டை ஆரம்பிச்சதும் மெஷின் உண்மை நம்பரை எழுத ஆரம்பிச்சிடுச்சு."

"அந்த 55 இழையோட சூடு இல்லையா?" என்றார் இயக்குநர்.

"சூடுன்னா அரை மணியில அடங்கிடும். பத்து மணிக்கும் அம்பது இருக்கே. சனிக்கிழமையிலேர்ந்து திறக்கலைன்னா காலைல எட்டு மணிக்கு, நாப்பதாவது மணியில, இருபத்தேழரைதான் இருக்கணும். இருந்தது அதைப் போல ரெண்டு மடங்கு. எட்டு மணிக்கு அம்பத்தஞ்சு, பத்து மணிக்கு அம்பது. இருபத்திரண்டுக்கும் இருபதுக்கும் என்ன விகிதமோ அதே விகிதம். அப்படின்னா எட்டு மணிக்கு அந்தச் சேம்பருக்கு வயசு இருபது மணி நேரம். திறந்து மூடினது ஞாயித்துக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணி."

"அப்போ அக்காவே ஞாயித்துக்கிழமை வந்து எடுத்திருக்கலாம்" என்றார் இயக்குநர். பேனாவை அவர் இன்னும் விடவில்லை.

"அக்காவா இருந்தா பொய் நம்பர் இப்படி இருக்காது சார். இருபத்தாறு வருஷமா அந்த மீட்டரைப் பார்க்கறவங்க. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சரியான நம்பரைத்தான் சொல்வாங்க. பெரிய சாரும் அப்படித்தான். மூணு பேர்கிட்டயும் ஒரே கேள்வி கேட்டேன். ரெண்டு பேர் இருநூத்தி எழுபத்தஞ்சுன்னு சொன்னாங்க. ஒருத்தர் நூத்தி முப்பத்தேழுன்னு சொன்னார். 'அதே வீதம்தானே தொடரும்'னார். புத்தகத்துல அப்படித்தான் இருக்கும். தப்பு சொல்ல முடியாது. பம்பு பக்கத்துல உட்கார்ந்து காத்திருந்தவங்களுக்குத்தான் அது வேற மாதிரின்னு தெரியும்."

அவள் தாளிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"மூடியைத் திறக்கிற முறை சுவத்துல ஒட்டியிருக்கு. யார் வேணா படிச்சுத் திறக்கலாம். நீர் எப்படிப் போகும்னு சுவத்துல ஒட்டலை. கல் உங்ககிட்டதான் இருக்கு, மாப்பிள்ளை சார்."

மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தார். உள்ளே, பஞ்சில் சுற்றி, விரல்நுனி நீளத்துக்கு ஒரு குப்பி. அதை மேஜைமேல் வைக்காமல் மாமனாரிடம் நீட்டினார். சார் வாங்கவில்லை.

"அந்தக் கல்லோட இன்னொரு பாதியை வேற லேப்ல பார்த்தாங்க மாமா. போன மாசம் எனக்கு எழுதினாங்க. அவங்க மெஷின் அவ்வளவு துல்லியம் இல்ல. ஆனா முடிவு எந்தப் பக்கம் போகுதுன்னு தெரிஞ்சிடுச்சு. உங்க கணக்கு வரல. வெள்ளிக்கிழமை எல்லாரும் உங்களைப் பத்திப் பேசப் போறாங்க. நாலு நாள் முன்னாடி இது வேண்டாம்னு நினைச்சேன். அப்புறமா எங்கேயோ கிடைச்ச மாதிரி கொண்டுவந்து வச்சிடலாம்னு…"

"அக்கா மேல விழுமேன்னு தோணலையா?"

"பம்பு மேலதான் விழும்னு நினைச்சேன் மாமா."

"காலைல பத்து மணியிலேர்ந்து அவங்க மேலதான் விழுந்துகிட்டு இருக்கு" என்றார் சார். "இப்ப மணி மூணே முக்கால்."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். கணக்கு சார் குரலை உயர்த்தவே இல்லை. காகிதத்தில் எழுதுகிறவர்போல ஒவ்வொரு சொல்லாக வைத்தார்.

"முப்பத்தோரு வருஷம் மாப்பிள்ளை. ஒருத்தர்கூட என்கிட்ட தப்புன்னு சொன்னதில்ல. சரின்னும் சொன்னதில்ல. நான் பாட்டுக்குக் கேட்டுக்கிட்டே இருந்தேன், காலி வீட்டுல பேசற மாதிரி. பதில் சொல்றதுக்குன்னு ஒண்ணே ஒண்ணு வந்துச்சு. அதை எடுத்துப் பையில போட்டுக்கிட்டீங்க. தப்புன்னு தெரிஞ்சுக்கக்கூட எனக்கு உரிமை இல்லையா?"

பிறகு குப்பியை வாங்கிக்கொண்டார். அருங்காட்சியகத்துக்குக் கடிதம் நாலு மணிக்கே போகட்டும், அதை மாப்பிள்ளையே எழுதிக் கையெழுத்துப் போடட்டும் என்று இயக்குநரிடம் சொன்னார். மாப்பிள்ளை சரியென்று தலையசைத்தார். இயக்குநர் பழைய கடிதத்தை எடுத்துக் கிழிக்கப் போனார்.

"கிழிக்காதீங்க சார்" என்றார் அக்கா. "குடுங்க."

வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்தார்.

"முழுப் பேரு போட்டிருக்கீங்க. இனிஷியல் ரெண்டும் சரியா இருக்கு. இந்த மெஷின்லேர்ந்து பதினேழு பேப்பர் போயிருக்கு சார். பதினேழுக்கும் நான்தான் மூடி மூடினேன். எதுலயும் என் பேரு கிடையாது. இதுலதான் முதல் தடவையா முழுசாப் பார்க்கறேன்."

இயக்குநர் மேஜையைப் பார்த்தார். ஆனால் அது இயக்குநருக்குச் சொன்னது இல்லை.

"நான் பார்க்கலைன்னுதான் சொன்னேன்" என்றார் கணக்கு சார். "பொய் சொல்லக் கூடாதுன்னு…"

"பார்க்கலைன்னா என்ன சார்? தெரியாதா உங்களுக்கு?"

சார் குப்பியை மெல்ல அக்காவின் கையில் வைத்தார்.

4.25. கருவி அறை. அக்கா கையுறையை மாட்டி, உருப்பெருக்கியின் கீழே பிடிப்பானைப் பொருத்தினார். கணக்கு சார் தன் கடைசி ஆய்வுக் கட்டுரையின் முதல் பக்கத்தைக் கொண்டுவந்திருந்தார். முடிவு எழுத வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்த கட்டுரை. தன் பெயருக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு இழுத்து, தாளையும் பேனாவையும் அக்கா பக்கம் நகர்த்தினார்.

"கணக்கு தப்புன்னு வந்தாலும் இதை அச்சுக்கு அனுப்புவேன். தப்பான பேப்பர்ல பேரு வேண்டாம்னா சொல்லிடுங்க" என்றார்.

அக்கா தாளைப் பார்த்தார். பேனாவைத் தொடவில்லை. இடுக்கியை எடுத்தார்.

"முதல்ல கல்லு உள்ள போகட்டும் சார். எழுத்து அப்புறம். யாரும் மூச்சு விடாதீங்க."

கணக்கு சார் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கதவோரம் நின்ற மாப்பிள்ளையும் பிடித்துக்கொண்டார். ஆறு மணி ரயிலுக்குக் கிளம்பி, பெட்டியோடு வாசல் வரை வந்துவிட்ட சர்வீஸ் இன்ஜினியரும், தன்னையும் சேர்த்துத்தான் சொன்னார்களா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.